மணற்பலகையும் மரப்பலகையும்

மதராஸ் எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதை ஆண்பிள்ளைகளுக்காக நடந்த காப்பகப் பள்ளிக்கு 1789-இல் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர், பாதிரியார். ஒருநாள் காலை குதிரையில் போய்க்கொண்டிருந்தவர் வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மணல் பரப்பியிருந்தது. விரலால் எழுத்தைக் கீறினார்கள், கையால் அழித்தார்கள், மறுபடியும் கீறினார்கள்.

காப்பகத்துக்குத் திரும்பியதும் அதையே செய்துபார்க்கச் சொன்னார். கீழ்வகுப்பு ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை. பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். 1797-இல் பெல் இதை லண்டனில் நூலாக வெளியிட்டார். மாணவனே மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'மதராஸ் முறை' அதன்பின் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. நம்மூரில் சட்டாம்பிள்ளை காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் அது.

கல்வி வரலாற்றில் இந்தக் கதையை மணலுக்காகவும் சட்டாம்பிள்ளைக்காகவும் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளின் முதுகுக்காகவும் சொல்ல வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்த பையன் எழுதக் குனிவான், சொல்ல நிமிர்வான், அழிக்க மறுபடி குனிவான். ஓலையில் எழுதும் வயது வந்துவிட்டால் இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் சிறு பள்ளம் வெட்டி அதில் எழுத்தாணியை அணைத்து, ஓலையை மெல்ல நகர்த்தி எழுதுவார்கள். கையிலுள்ள ஓலையைக் கண்ணுக்குப் பக்கமாகக் கொண்டுவரலாம், ஓலையைத் தேடிக் கண் கீழே இறங்க வேண்டியதில்லை. உடம்புக்கும் எழுத்துக்கும் நடுவே மேசை என்று ஒன்று கிடையாது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கு 1826-இல் முடிந்தபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் படித்தது இப்படித் தரையில் உட்கார்ந்துதான்.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைச் சொர்க்கமாக்கிவிட முடியாது. அண்ணாவி என்ற ஆசிரியரின் பிரம்பு இருந்தது. உத்தரத்துக் கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. பிள்ளையின் உடம்பை ஒரு கோணத்தில் நிறுத்திவைத்துத் தண்டிக்கும் பழக்கத்துக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. முட்டி போட வைப்பது, குனிய வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றுவது எல்லாம் அதன் தொடர்ச்சிதான்.

மணல் லண்டனுக்குப் போனது. சதர்க் பகுதியில் ஜோசஃப் லங்காஸ்டர் நடத்திய பள்ளியில் சிறு பிள்ளைகளுக்கென மணல் பரப்பிய மேசை வைத்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் நேரத்தில் பிள்ளைகள் எழுந்து, சுவரோரம் அரைவட்டமாக நின்று படித்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்த முறைதான், ஏழைக்கான மலிவுக் கல்விதான். ஆனாலும் உட்கார்வதும் எழுவதும் நடப்பதும் மாறி மாறி வந்தன. கட்டாயக் கல்விச் சட்டங்கள் நாடு நாடாக வந்து, வகுப்புக்கு ஒரு ஆசிரியர், பிள்ளைக்கு ஒரு இடம் என்று ஆனபோது அந்த அசைவு நின்றுபோனது. பிள்ளை காலையில் பெஞ்சில் உட்கார்ந்தால் மாலைவரை பெஞ்சுதான்.

பிள்ளையின் முதுகைப் பற்றிய கவலை ஐரோப்பாவில் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. பாரிஸ் மருத்துவர் நிகோலா ஆந்த்ரி 1741-இல், ஏறக்குறைய எண்பத்துமூன்று வயதில், பெற்றோருக்காக ஒரு நூல் எழுதினார். 'நேர்', 'குழந்தை' என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஆர்த்தோபெடிக்ஸ்' என்ற சொல்லை உண்டாக்கினார். இன்று எலும்பு மருத்துவம் முழுவதற்கும் பெயராகிவிட்ட அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு நேரான குழந்தை என்பதே பொருள். நூலில் ஒரு படம் உண்டு. வளைந்து வளர்ந்த இளமரத்தை நேரான முளைக்குச்சியோடு கயிறு போட்டுச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். எலும்பு மருத்துவர்களின் சங்கங்கள் பல இன்றும் அதைச் சின்னமாக வைத்திருக்கின்றன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் சொல்வதற்கு இந்தப் படம் கிட்டத்தட்ட பக்கத்து வீடு. ஆனால் அந்தக் கயிறு மரத்தை நிமிர்த்துவதோடு ஆடவிடாமலும் பிடித்துவைக்கிறது. பின்னால் வந்தவர்கள் பலர் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவதைத்தான்.

அவர்களில் மிகக் கடுமையானவர் லைப்சிக் நகரத்து மருத்துவர் டேனியல் கோட்லோப் மோரிட்ஸ் ஷ்ரேபர். எழுதும் பிள்ளை முன்னால் சாயக் கூடாது என்பதற்காக 1850-களில் ஒரு கருவி செய்தார். மேசை விளிம்பில் திருகி வைக்கும் இரும்புச் சட்டம் அது. குறுக்குக் கம்பி பிள்ளையின் தோள் எலும்புகளுக்கு முன்னால் நிற்கும். சாய்ந்தால் இரும்பு குத்தும். தலை நிமிர்ந்திருக்க இன்னொரு வார்: ஒரு முனை தலைமுடியில், மறுமுனை உள்ளாடையில். தலை குனிந்தால் முடி இழுபடும். இவற்றைத் தம் சொந்தப் பிள்ளைகளுக்கே போட்டுப் பார்த்தார். அவருடைய மகன் டேனியல் பவுல் நீதிபதியாக உயர்ந்து, பிறகு மனம் கலங்கி மனநல விடுதிகளில் ஆண்டுக்கணக்காக இருந்தார். 1903-இல் அவர் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளை உளவியல் படிப்பவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். மகனின் நோய்க்குத் தந்தையின் இரும்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குழந்தையின் முதுகைக் காக்கிறேன் என்று கிளம்பியவர் அந்தக் குழந்தை எப்படி உணர்ந்தது என்று கேட்டதாகத் தெரியவில்லை. இது மறக்கக்கூடியதல்ல.

பிள்ளையைக் கட்டுவதை விட்டுவிட்டு மேசையைப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரத்து மருத்துவர் ஃபார்னர். பிள்ளையும் பள்ளி மேசையும் என்ற பொருளில் தலைப்பிட்ட அவருடைய நூல் 1865-இல் வந்தது. எழுதத் தொடங்கும் பிள்ளை எப்படிச் சரிகிறது என்பதை அவர் படிப்படியாகப் பார்த்து எழுதினார். முதலில் நிமிர்ந்துதான் உட்காருகிறது. கொஞ்ச நேரத்தில் தலை லேசாக முன்னால் நகர்ந்து இடப்பக்கம் சாய்கிறது. தலையின் கனத்தைக் கழுத்துத் தசைகள் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? முதுகு வளைகிறது, முழங்கைகள் பலகையில் ஊன்றிக்கொள்கின்றன, மார்பு மேசை விளிம்பில் முட்டுகிறது, கண் தாளுக்குச் சில அங்குலத்தில் வந்து நிற்கிறது. இதில் சோம்பேறித்தனமோ அடங்காமையோ இல்லை என்றார் ஃபார்னர். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டால் எந்தப் பிள்ளையும் அப்படித்தான் விழும்.

அந்த இடைவெளி ஒரு பெரிய விவகாரமாயிற்று. 1867-இல் பிரெஸ்லாவ் நகரில் ஹெர்மன் கோன் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வை கூடுவதைக் காட்டினார். 1869-இல் மருத்துவ மேதை ருடால்ஃப் விர்கோவே பள்ளிகள் பிள்ளைகளின் உடல்நலத்துக்குச் செய்யும் கேடுகளைப் பற்றி எழுதினார். கூனும் கிட்டப்பார்வையும் 'பள்ளி நோய்' என்று பெயர் பெற்றன. தச்சர்களும் மருத்துவர்களும் கண்டுபிடிப்பாளர்களும் போட்டி போட்டுக்கொண்டு மேசை செய்தார்கள். முதுகை நிமிர்த்தும் ஆசை எழுத்துவரையிலும் ஓடியது. சாய்வெழுத்து எழுதினால் உடம்பு முறுக்கிக்கொள்கிறது, முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைகிறது என்று வாதாடி, 1890-களில் ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா மூன்றிலும் நேரெழுத்து இயக்கம் எழுந்தது. கையெழுத்துப் பாடப் புத்தகங்களையே மாற்றி அச்சடித்தார்கள்.

அவர்கள் நினைத்ததில் ஒரு பெரிய பிழை இருந்தது. வளரிளம் பருவத்தில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளையும் ஸ்கோலியோசிஸ் பெரும்பாலும் காரணம் விளங்காமல் வருவது. குடும்பவழி அதில் உண்டு. கோணலாக உட்கார்வதாலோ சாய்வெழுத்தாலோ வருவதில்லை. இதை இன்றைய பெற்றோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருக்கும் பெண்பிள்ளையை "ஒழுங்கா உட்காராததாலதான் இப்படி ஆச்சு" என்று வீட்டில் திட்டுவதை எலும்பு மருத்துவரின் அறை வாசலில் இன்றும் கேட்கலாம். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சீக்கிரமான பரிசோதனை.

அமெரிக்காவில் முதுகு பள்ளிப் பாடமாகவே ஆனது. நியூயார்க் பொதுப் பள்ளிகளின் உடற்பயிற்சித் துறையில் உயர்பொறுப்பில் இருந்த ஜெஸ்ஸி பான்கிராஃப்ட் என்ற பெண்மணி 1913-இல் பள்ளிப் பிள்ளைகளின் நிற்கும் நடக்கும் நிலை பற்றி நூல் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்க பாஸ்ச்சர் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடைய சோதனை எளிது. பிள்ளையைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, ஒரு நீளக் கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, காதிலிருந்து பாதம்வரை உடம்பு அந்தக் கோட்டோடு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நடக்கவிட்டு, கைகால் பயிற்சி செய்யவிட்டு, களைத்தபின்னும் கோடு நிற்கிறதா என்று பார்ப்பார்கள். வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்று விழுக்காடு போடுவார்கள். ஒரு வகுப்பு இன்னொரு வகுப்போடு போட்டியிடும்.

பான்கிராஃப்டின் பெருமை என்னவென்றால் அவர் பிள்ளையைத் திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இருக்கைகளையும் உடைகளின் வெட்டையும்கூட மாற்ற வேண்டும் என்று அவருடைய அமைப்பு உற்பத்தியாளர்களிடம் போய்ப் பேசியது. ஆனால் காலம் அவர் கையிலிருந்து நழுவிற்று. நிமிர்ந்த முதுகு நல்ல ஒழுக்கத்தின் அடையாளம், வளைந்த முதுகு கெட்ட குணத்தின் அடையாளம் என்று பேச்சு திரும்பியது. ஹார்வர்ட், யேல், வாஸர் போன்ற பெயர்பெற்ற கல்லூரிகளில் புதிய மாணவ மாணவியரை ஆடையின்றி நிறுத்தி 'பாஸ்ச்சர் படம்' எடுக்கும் பழக்கம் 1960-கள் வரை இருந்தது. 1995-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அந்தக் கதை வெளியானபோது, தங்கள் படங்கள் ஆவணக் காப்பகத்தில் இருப்பதை அறிந்து பலர் பதறினார்கள். பின்னர் பல படங்கள் அழிக்கப்பட்டன.

இதற்கிடையில் பெஞ்சு இங்கே வந்துசேர்ந்துவிட்டது. மிஷன் பள்ளிகளும் அரசு உயர்நிலைப் பள்ளிகளும் அதைக் கொண்டுவந்தன. கூடவே டிரில் மாஸ்டரும் வந்தார். மணலைக் கொடுத்து மரத்தை வாங்கிக்கொண்டோம் என்று சொல்லலாம். ஆனால் ஃபார்னர் பிடித்துக் காட்டிய அந்த இடைவெளிக் கணக்கு பெஞ்சோடு வரவில்லை. நீளப் பெஞ்சு, அதற்கு முன்னால் நீள டெஸ்க், எல்லாருக்கும் ஒரே உயரம். ஆறாம் வகுப்புப் பையனுக்குக் கால் எட்டாது. பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு முட்டி இடிக்கும். முதுகுக்குப் பலகையே இல்லாத பெஞ்சுகள் எத்தனையோ. அதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய் "நிமிர்ந்து உட்காரு" என்கிறோம்.

நிமிர்ந்து என்றால் எப்படி? இடுப்பு 90 டிகிரி, முழங்கால் 90 டிகிரி, முதுகு நேர்க்கோடு. பள்ளிச் சுவர்ப் படங்களில் இன்றும் இருக்கும் இந்தச் செங்கோணப் பிள்ளை 19-ஆம் நூற்றாண்டின் மருத்துவ நூல்களிலிருந்து இறங்கி வந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஷ்டாஃபெல் 1884-இல் எழுதியதை அதற்கு மூலம் என்பார்கள். அதைக் கேள்வி கேட்டவர் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஓகே மாண்டல்.

மாண்டல் செய்தது எளிய காரியம், ஆனால் அதுவரை யாரும் அவ்வளவு பொறுமையாகச் செய்யவில்லை. பல மணி நேரம் நடக்கும் ஒரு பள்ளித் தேர்வில், குறிப்பிட்ட இடைவெளியில் தானே படம் எடுக்கும் கேமராவைப் பிள்ளைகளின் பக்கவாட்டில் வைத்தார். ஒரு படத்திலும் செங்கோணப் பிள்ளை இல்லை. பெரும்பாலோர் சுருண்டிருந்தார்கள். சிலர் மட்டும் வேறொன்று செய்திருந்தார்கள். நாற்காலியை முன்னங்கால்கள் இரண்டில் நிறுத்தி, பின்னங்கால்களைத் தூக்கி, முன்னால் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகு நேராக இருந்தது. உலகத்து ஆசிரியர்கள் எல்லாரும் "நாற்காலியை ஆட்டாதே, விழப்போறே" என்று அதட்டுவார்களே, அந்தப் பிள்ளைகள்தான்.

காரணம் ஏற்கெனவே எக்ஸ்ரேயில் இருந்தது. அமெரிக்க மருத்துவர் கீகன் 1953-இல் வெவ்வேறு நிலைகளில் ஆட்களைப் படமெடுத்து, தொடைக்கும் உடலுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறக்குறைய 135 டிகிரியாக விரியும்போதுதான் கீழ்முதுகு தன் இயல்பான வளைவில் ஓய்வெடுக்கிறது என்று காட்டியிருந்தார். ஒருக்களித்துப் படுத்துத் தூங்கும்போது கால் எப்படி மடிந்திருக்குமோ அந்தக் கோணம். 90 டிகிரியில் உட்காரும்போது தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்னால் சுழற்றிவிடுகிறது. கீழ்முதுகு தட்டையாகிறது. பிள்ளை மேலே எவ்வளவு நிமிர்ந்தாலும் அடியில் வீடு சாய்ந்துகிடக்கிறது. மாண்டல் முன்புறம் சரியும் இருக்கையும், எழுதுபவரை நோக்கிச் சாயும் உயரமான மேசையும் வேண்டும் என்றார். அவருடைய எழுத்துகளுக்குப்பின் ஸ்காண்டிநேவியப் பள்ளி மேசைகள் உயர்ந்தன. சாய்வுப் பலகை நம் கணக்குப்பிள்ளைகள் ஒரு காலத்தில் தரையில் வைத்து எழுதிய சாய்வுப் பெட்டியை நினைவுபடுத்தும்.

ஐரோப்பிய நாடுகள் 2006-இல் பள்ளி இருக்கைகளுக்கு ஒரு தரநிலை கொண்டுவந்தன. உயரத்துக்கேற்ப எட்டு அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். மஞ்சள் நாற்காலிக்கு மஞ்சள் மேசை, சிவப்புக்குச் சிவப்பு. வளர்ந்த பிள்ளை அடுத்த நிறத்துக்கு மாறிக்கொள்ளும். செருப்பு வாங்கும்போது பிள்ளையின் காலை அளக்கிறோம். நாளில் ஐந்தாறு மணி நேரம் உட்காரும் இருக்கைக்கும் அதே மரியாதை.

முதுகைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பதும் மாறியது. 1969-இல் ஸ்டாக்ஹோம் அருகே டாண்டெரிட் மருத்துவமனையில் மரியான் சக்ரிசன் என்ற இயன்முறை மருத்துவர் முதுகுவலிக்காரர்களுக்காக 'முதுகுப் பள்ளி' தொடங்கினார். அது பெரியவர்களுக்கானது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் கார்டனும் உடன் ஆய்வாளர்களும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைத் தொடக்கப்பள்ளிக்கு இறக்கினார்கள். ஆறே வகுப்புகள். தரையிலிருந்து ஒரு பெட்டியை எப்படித் தூக்குவது, பையை எப்படி மாட்டுவது, டெஸ்கில் எப்படி மாறி மாறி உட்கார்வது என்று கையால் செய்து பழகினார்கள். பிள்ளைகள் கற்றுக்கொண்டதைச் செய்தும் காட்டினார்கள், பிறகும் மறக்கவில்லை. ஆனால் முதுகுவலி அதனால் குறைந்ததா என்ற கேள்விக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. அந்த ஆய்வாளர்கள் அதை மறைக்காமல் எழுதினார்கள்.

அவர்களுடைய இன்னொரு வேலைதான் நெஞ்சைத் தொடுவது. வழக்கமான பள்ளியில் பிள்ளைகள் பாட நேரத்தில் 97 விழுக்காடு அசையாமல் உட்கார்ந்தே இருந்தார்கள் என்று அளந்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் உடம்பு நன்றாகக் குனிந்தே இருந்தது. ஒப்பிடுவதற்கு ஒரு 'அசையும் பள்ளி'யை எடுத்தார்கள். அங்கே பிள்ளை நின்று எழுதலாம், பந்தின்மேல் உட்காரலாம், பாடத்தை எடுக்க எழுந்து நடக்கலாம். அங்கே அந்த 97 உடைந்துபோயிருந்தது. எழும்பூர்ப் பக்கம் பெல் பார்த்த திண்ணைப் பள்ளியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஸ்பெயினின் மயோர்கா தீவில் இன்னும் எளிய வழி. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதுகைப் பற்றிய ஒரு சித்திரக்கதைப் புத்தகம் கொடுத்தார்கள். வலித்தால் படுத்தே கிடக்க வேண்டாம், ஓடியாடி இரு, பயப்படாதே என்பது அதன் சாரம். பிள்ளைகள் படித்தார்கள், விஷயம் பதிந்தது. முதுகைப் பற்றி ஒரு குழந்தையிடம் திட்டாமலும் பேச முடியும் என்பதற்கு அந்தப் புத்தகம் சான்று.

இந்தியாவில் இந்தப் பேச்சு பையிலிருந்து தொடங்கியது. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல் தம் முதல் உரையைப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகச் சுமைக்காகச் செலவிட்டார். பையைச் சுமந்து சுமந்து முன்னால் வளைந்துபோன அவர்களின் நடையைப் பற்றி உருகிப் பேசினார். அதன் தொடர்ச்சியாக அமைந்த யஷ்பால் குழு 1993-இல் அறிக்கை தந்தது. பையின் கனத்தைவிடப் புரியாமல் படிக்கும் கனம் பெரிது என்று அந்தக் குழு சொன்னது மிகச் சரி. தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்புவரை முப்பருவமுறை வந்தது. ஆண்டு முழுக்கத் தூக்கிய புத்தகங்கள் மூன்றாகப் பிரிந்தன. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடையைக் குறைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் மத்திய அரசு வகுப்புவாரியாக எடை சொன்னது: முதலிரண்டு வகுப்புக்கு ஒன்றரைக் கிலோ, பத்தாம் வகுப்புக்கு ஐந்து கிலோ. 2020-ஆம் ஆண்டுக் கொள்கை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வகுத்து, பள்ளியில் எடை பார்க்கும் கருவி வைக்கவும் சொன்னது. இருபது கிலோப் பிள்ளைக்கு இரண்டு கிலோ. தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்தே அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். நல்ல குடிநீரும் சத்துணவும் பள்ளியிலேயே கிடைத்தால் முதுகுக்கும் நல்லது என்று அந்தக் கணக்கு சொல்லாமல் சொல்கிறது.

கனமான பைதான் முதுகுவலியைக் கொண்டுவருகிறது என்று ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை. 2018-இல் வெளிவந்த ஒரு விரிவான மீளாய்வு அப்படித்தான் சொல்கிறது. அசையாமல் இருப்பது, தூக்கம் குறைவது, மனம் வாடுவது எல்லாம் பிள்ளையின் முதுகில் வலியாக இறங்கும். பையின் எடையைக் குறைத்துவிட்டு பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்தால் முதுகுக்கு என்ன லாபம்? 2025-இல் தமிழ்நாட்டில் 'ப' வடிவில் இருக்கைகளைப் போடலாம் என்ற யோசனை வந்தபோது, ஒரே பக்கம் திருப்பிய கழுத்து வலிக்காதா என்று ஊரே விவாதித்தது. இருக்கையின் திசையைப் பற்றி இத்தனை பேர் பேசியது நல்லதே. அதன் உயரத்தைப் பற்றியும் அதே சூட்டோடு பேசியிருக்கலாம்.

ஏதாவது ஒரு நடுநிலைப் பள்ளியில் மதியம் முதல் பீரியடில் போய் நின்றால் பார்க்கலாம். முன்வரிசையில் கால் தரையை எட்டாத ஒரு பிள்ளை. கொஞ்ச நேரம் காலை ஆட்டும். பிறகு பெஞ்சு நுனிக்கு வந்து விரல்நுனியால் தரையைத் துழாவும். அதுவும் முடியாமல், கீழே கிடக்கும் புத்தகப் பையைக் காலால் மெல்ல இழுத்து, இரண்டு பாதங்களையும் அதன்மேல் வைத்துக்கொள்ளும். முதுகு தானாக நிமிரும். கரும்பலகையிலிருந்து திரும்பும் டீச்சர் அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "காலை எடும்மா, உள்ள சரஸ்வதி இருக்கா." பிள்ளை சட்டென்று காலைத் தூக்கிக்கொள்கிறது, பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறது, மறுபடியும் காலைத் தொங்கவிட்டபடி குனிந்து எழுதத் தொடங்குகிறது.